கூலி வேலையும் சொந்தச் சரக்கும்

பிறர் தரும் தோலைப் பதனிட்டுக் கொடுத்துக் கூலி பெறும் முறைக்கு வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் தோல் ஷாப்பு எனப்படும் பதனிடும் ஆலைகளில் ‘ஜாப் ஒர்க்’ என்று பெயர்; பெருமுதல் இல்லாதவரும் தொழிலில் காலூன்ற இம்முறை வழி செய்கிறது. 1994 டிசம்பரில் சியோல் நகரில் கிம் ஜங்-ஜு தொடங்கிய நெக்ஸான் நிறுவனமும், பலர் இணையவழி ஒரே வேளையில் கூடி ஆடும் விளையாட்டை உருவாக்குவதையே நோக்கமாகக் கொண்டிருந்தும், தொடக்கத்தில் பிற நிறுவனங்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்து ஈட்டிய கூலியைக் கொண்டே தாக்குப்பிடித்தது. கொகுரியோ என்னும் பழங்கொரிய அரசைக் களமாகக் கொண்ட சித்திரக் கதையொன்றைத் தழுவி நெக்ஸான் உருவாக்கிய ‘காற்றின் நாடு’ என்னும் விளையாட்டு 1996இல் வெளிவந்தபோது கொரிய வீடுகளில் இணைய இணைப்பு அரிதாகவே இருந்தது. 1997இன் நிதி நெருக்கடிக்குப் பின், வேலையிழந்தோர் பலர் ‘பிசி பாங்’ எனப்படும் வாடகைக் கணினிக் கூடங்களைத் திறக்க, மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடும் கூட்டம் அங்கே திரண்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு 1970களில் கட்டுப்பாடு விதித்தபோது, ஆம்பூர் முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் மாறியதை நினைத்தால், நெருக்கடியிலிருந்து பிறக்கும் வாய்ப்பு இங்கும் புதிதன்று. கவலைக்குரிய வேறுபாடு ஒன்று உண்டு: நெக்ஸான் தன் பெயரிலேயே விற்றது, ஏற்றுமதியாகும் ஆம்பூர்க் காலணிகளில் பெரும்பகுதி இன்றும் அயல்நாட்டு நிறுவனங்களின் பெயர் பொறித்தே கப்பலேறுகிறது.