ரொக்கமும் சுதந்திரமும்

மைசூரு சயாஜி ராவ் சாலையை ஒட்டி, நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது தேவராஜ மார்க்கெட். மல்லிகைச் சரங்களும், குவித்து வைத்த குங்குமமும், நஞ்சன்கூடு ரசபாளே வாழைத் தார்களும், வெற்றிலைக் கவுளிகளும் அங்கே காலை முதல் கைமாறுகின்றன. பொருள் ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போகிறது. பணம் எதிர்த்திசையில் வருகிறது. ரசீது இல்லை, கையொப்பம் இல்லை. வாங்குபவரும் விற்பவரும் தவிர மூன்றாமவர் எவரும் அந்த உறவில் இல்லை.

இத்தகைய வியாபாரமே உண்மையான சுதந்திரம் என்று கருதிய சிந்தனையாளர்கள் உண்டு. கனடாவில் பிறந்த சாமுவேல் எட்வர்டு கான்கின் 1980இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், அரசின் பதிவேட்டுக்கும் வரிக்கும் வெளியே மக்கள் தங்களுக்குள் வாணிபம் செய்துகொண்டால் அரசின் பிடி தானாகவே தளரும் என்று வாதிட்டார். கடைத்தெருவைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்தே தமது கொள்கைக்கு அவர் பெயர் சூட்டினார்.

இந்தக் கொள்கையை ஒருபோதும் கேட்டிராத எளிய மனிதர்கள், 2025 ஜூலையில் கர்நாடகத்தில் அதையே செயலில் காட்டியது போலத் தோன்றியது. யுபிஐ மூலம் கணக்கில் சேர்ந்த தொகையை வைத்து, ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு மாநில வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. ஆண்டுக்கு 40 லட்ச ரூபாய்க்கு மேல் பொருள் விற்பவரும், 20 லட்ச ரூபாய்க்கு மேல் சேவை வழங்குபவரும் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும் என்பது சட்டம். ஆயினும் வரியே இல்லாத காய்கறியையும் பாலையும் விற்றவர்களும் கலங்கிப் போயினர். பெங்களூருவில் பல கடைகளில் கியூஆர் அட்டைகள் மறைந்தன; ‘ரொக்கம் மட்டும்’ என்ற அட்டைகள் தொங்கின. ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களைச் சந்தித்தார். பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். கொந்தளிப்பு அடங்கியது. ஆனால் கேள்வி அடங்கவில்லை. ரொக்கத்துக்குத் திரும்பிய அந்தக் கை தேடியது சுதந்திரத்தையா, மறைவிடத்தையா?

ரொக்கத்தின் நியாயம்

ரொக்கத்தின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முந்தானை முடிச்சில் பூக்காரப் பெண் சேர்த்து வைக்கும் காசு, அரசிடமிருந்து அவளைக் காப்பதைவிட, குடித்துவிட்டு வந்து கேட்கும் கையிடமிருந்து அவளைக் காக்கிறது. எழுத்தறியாதவரும் நோட்டின் நிறத்தை அறிவார். மின்சாரமோ, அலைவரிசையோ இல்லாத இடத்திலும் அது செல்லும். மேலும், நல்ல செயல்களும் சில வேளை மறைவை விரும்புகின்றன. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் ஏழைக்கு உதவுபவருக்கு, கணக்கில் பதியாத காசே துணை. மனிதனின் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் எங்கோ ஒரு கண் பார்த்துக்கொண்டிருப்பது அவனது கண்ணியத்துக்கு உகந்தது அன்று.

ஆனால் ரொக்கம் மனிதனை அரசிடமிருந்து விடுவிக்கிறது என்ற கூற்று ஆராய்ச்சிக்கு நிற்பதில்லை.

நோட்டு யாருடைய வாக்கு?

இதற்கு விடை மைசூருவிலேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் நடத்தும் நோட்டு அச்சகம் அந்நகரில்தான் உள்ளது. நோட்டுக்குரிய காகிதம் செய்யும் ஆலையும் அங்கே இயங்குகிறது. தேவராஜ மார்க்கெட்டில் கைமாறும் தாள், அதே ஊரில் அரசின் ஆணைப்படி அச்சானதாகவும் இருக்கலாம். அதில் உள்ள மதிப்பு தாளின் மதிப்பன்று. ரிசர்வ் வங்கி ஆளுநர் கையொப்பமிட்டுத் தரும் ஒரு வாக்கின் மதிப்பு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே அறிவிப்பில் வெறும் தாளாயிற்று. அரசின் பிடிக்கு வெளியே இருப்பதாக எண்ணிய பெட்டிகள், ஓர் உரையின் தூரத்தில்தான் இருந்தன.

அந்த அனுபவம் அரசுக்கும் ஒரு பாடம் சொன்னது. செல்லாதென அறிவித்த நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிகளுக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கியே 2018இல் தெரிவித்தது. பதுக்கியவர்களை வலையில் பிடிக்கும் முயற்சியில், அன்றாடம் விற்று அன்றாடம் உண்பவர்கள்தாம் அதிகம் இடர்ப்பட்டனர்.

எஜமானர்கள் பலர்

அரசின் பதிவேட்டில் இல்லாதவன் எவருடைய பதிவேட்டிலும் இல்லை என்று கொள்வதும் தவறு. காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1000 ரூபாயாகத் திருப்பும் தெரு வியாபாரியின் பெயர், வட்டிக்காரரின் சிறிய நோட்டுப் புத்தகத்தில் அழுத்தமாகவே எழுதப்பட்டிருக்கிறது. தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் என்று இந்த அடிமைத்தனத்துக்குப் பல பெயர்கள். 2003இல் தமிழகம் அவற்றைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சட்டத்துக்கு வெளியே நிற்பவன் வட்டிக்கும் மாமூலுக்கும் உள்ளே நிற்கிறான்.

பெரு நாட்டின் பொருளியலறிஞர் எர்னாண்டோ தெ சோட்டோ ஒரு சோதனை நடத்தினார். லிமா நகரில் ஒரு சிறு தையல் கூடத்தை முறைப்படி பதிவு செய்ய எத்தனை நாள் ஆகும் என்று பார்த்தபோது, 289 நாட்கள் ஆயின. ஏழைகள் சட்டத்தை வெறுத்து வெளியேறவில்லை. கதவு திறக்காததால் வெளியே நிற்கிறார்கள் என்பதே அதன் பொருள். இந்தியத் தெரு வியாபாரிகளும் சட்டம் வேண்டாம் என்று போராடவில்லை. சட்டம் வேண்டும் என்றே போராடினார்கள். தெருவில் வணிகம் செய்வது அடிப்படை உரிமையுள் அடங்கும் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014இல் அவர்களுக்கான தனிச் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடியும்வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்றும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் அவர்களுக்கே என்றும் அது விதித்தது.

சுவடி கூறும் நீதி

அரசுக்கும் சந்தைக்கும் உள்ள உறவைப் பற்றி மைசூரு உலகுக்கு அளித்த கொடை ஒன்று உண்டு. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூரு கீழ்த்திசை நூலகத்துக்கு ஒரு கிரந்தச் சுவடியைக் கொடுத்தார். அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று நூலகராயிருந்த ஆர்.சாமாசாஸ்திரி கண்டறிந்தார், 1909இல் மூலத்தைப் பதிப்பித்தார். எடையையும் அளவையும் சுங்கத்தையும் கண்காணிக்க அதிகாரிகளை நியமிக்கும் அந்நூல், அரசனையும் விட்டுவைக்கவில்லை. குடிகளுக்குத் தீங்கு தருமாயின் பெரிய லாபத்தையும் அரசன் கைவிட வேண்டும் என்கிறது. கனி பழுத்த பிறகே பறிப்பது போல வரி கொள்ளச் சொல்கிறது. அதிகாரிகள் அரசுப் பணத்தைக் கவரும் நாற்பது வழிகளையும் பட்டியலிடுகிறது. வரி, ஒருதலைக் கட்டளை அன்று. இரு தரப்பும் காக்க வேண்டிய தர்மம்.

இந்த அளவுகோலால் பார்த்தால், பழுக்காத கனியைப் பறிக்கும் அரசும் தவறுகிறது. பழுத்த கனியை இலைக்குள் மறைக்கும் குடியும் தவறுகிறது. பூக்கூடைக்காரியின் அச்சமும், கோடிகளை ரொக்கத்தில் புரட்டும் பெருவணிகரின் பேராசையும் ஒன்றல்ல. ஆனால் ‘அரசிடமிருந்து விடுதலை’ என்ற ஒரே போர்வையைத்தான் இரண்டும் போர்த்துகின்றன. போர்வையின் பெரும்பகுதி யாரை மூடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். செல்வர் செலுத்தாத வரி, ஏழையின் பிள்ளை படிக்கும் பள்ளியிலும், அவள் நம்பியிருக்கும் அரசு மருத்துவமனையிலும்தான் குறைகிறது.

அர்த்தசாஸ்திரம் அச்சேறிய அதே 1909இல்தான் காந்தியடிகள் ‘இந்திய சுயராஜ்யம்’ எழுதினார். பிறர் ஆட்சி நீங்குவது மட்டும் சுயராஜ்யம் ஆகாது, தன்னைத் தான் ஆள்வதே அது என்பது அவரது துணிபு. அநீதியான உப்பு வரியை எதிர்த்தபோது அவர் ஒளிந்து உப்புக் காய்ச்சவில்லை. முன்கூட்டி அறிவித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் தண்டியில் எடுத்தார். சுதந்திரத்துக்கும் மறைவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அநீதியை எதிர்ப்பவன் வெளிப்படையாக எதிர்க்கிறான். அதன் விலையையும் தானே ஏற்கிறான்.

ரொக்கமோ, கைபேசியோ, இரண்டும் கருவிகளே. அச்சமின்றித் தன் கணக்கை எவரிடமும் காட்டக்கூடிய வணிகன், எந்தக் கருவியைக் கையாண்டாலும் சுதந்திரமானவன். அப்படிக் காட்டும் ஏழையை அச்சுறுத்தாத அரசே அவனிடம் கணக்குக் கேட்கும் தகுதி உடையது.