சுக்கான் நிலத்து மக்காச்சோளத்துக்கு யூரியா மட்டும் போதாது

புரட்டாசிப் பட்டம் நெருங்கிவிட்டது. விராலிமலை, அன்னவாசல் பக்கமெல்லாம் மக்காச்சோளத்துக்கு உழவு ஓடும். உரக்கடை வாசலில் யூரியாவுக்கும் டிஏபிக்கும் வரிசை நிற்கும். அந்த வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மூட்டையை வண்டியில் ஏற்றுமுன் உங்கள் மண் எதுவென்று பார்த்துவிடுங்கள்.

புதுக்கோட்டை என்றாலே செம்மண், சரளை என்று பேசிப் பழகிவிட்டோம். வம்பன் பக்கத்துச் செம்புறை மண் அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சுண்ணாம்பு இட்டால் நல்லது. ஆனால் உழும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கட்டி புரண்டு வருகிற வயலில் நிலைமை நேர் எதிர். அங்கே சுண்ணாம்பு ஏற்கெனவே மிதமிஞ்சிக் கிடக்கிறது. சந்தேகமிருந்தால் காய்ந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பொடித்து, வினிகரைச் சில சொட்டு விட்டுக் காதருகே வையுங்கள். சுர்ரென்று நுரைத்தால் அது சுண்ணாம்பு மண்தான். பக்கத்து வயல்காரர் போட்ட உரக்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இந்த மண்ணில் என்ன நடக்கிறது? விதைத்த இரண்டு மூன்று வாரத்தில் குருத்திலைகள் வெளுக்கும். இலையின் அடிப்பாகத்தில், நடுநரம்புக்கும் ஓரத்துக்கும் இடையே வெளிறிய பட்டை ஓடும். பயிர் குட்டையாக நின்றுவிடும். அதுதான் வெண்குருத்து, துத்தநாகப் பற்றாக்குறை. தழைச்சத்து குறைந்தால் முதலில் அடியிலைதான் நுனியிலிருந்து மஞ்சளாகும். இங்கே வெளுப்பதோ இளங்குருத்து. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண் பழக்கிக்கொள்ளுங்கள். அதைப் பாராமல் "பயிர் வெளுக்குது, இன்னொரு மூட்டை யூரியா வீசு" என்று சொல்வதும், அதைக் கேட்டு வீசுவதும்தான் ஊரெங்கும் நடக்கிறது. டிஏபியை அள்ளிப் போட்டால் இன்னும் கேடு. மிகுந்த மணிச்சத்து துத்தநாகத்தைப் பயிருக்கு எட்டவிடாமல் செய்துவிடும். மணிச்சத்தில் பெரும்பங்கும் மண்ணின் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிப்போகும்.

ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட், அதாவது எக்டேருக்கு 37.5 கிலோ, மணலில் கலந்து விதைப்புக்கு முன் தூவுங்கள். சூப்பர் பாஸ்பேட்டோடோ டிஏபியோடோ ஒரே குவியலாகக் கலக்கவே கலக்காதீர்கள். பயிர் ஏற்கெனவே வெளுத்துவிட்டதென்றால் 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கரைத்து மாலையில் தெளியுங்கள். நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் இலை நெடுகக் கோடு கோடாக மஞ்சளானால் அது இரும்புச்சத்துக் குறை. அதற்கு அன்னபேதியை மண்ணில் கொட்டுவது வீண், சுண்ணாம்பு விழுங்கிவிடும். இலைவழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

இறவையில் வீரிய ஒட்டு ரகத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுப் பரிந்துரை எக்டேருக்குத் தழை 250, மணி 75, சாம்பல் 75 கிலோ. மானாவாரிக்கு இவ்வளவு தேவையில்லை. தழைச்சத்தில் கால்பங்கு அடியுரமாக, பாதி 25ஆம் நாள், மீதி 45ஆம் நாள். மணிச்சத்தைப் பரவலாக வீசாமல் பாரில் விதைக்குப் பக்கமாக இடுங்கள். சூப்பரைத் தொழு எருவோடு ஊட்டமேற்றிப் போட்டால் சுண்ணாம்பிடம் போவது குறையும். யூரியாவை ஈரமண்ணின் மேல் தூவிவிட்டு வெயிலுக்கு விடாதீர்கள். சுண்ணாம்பு மண்ணில் அது அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். போட்ட கையோடு மண் அணையுங்கள், தண்ணீர் பாய்ச்சுங்கள்.

45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறோம். அசல் விலை பல மடங்கு; மிச்சம் ஊர்ப்பணம். தேவைக்கு மேல் கொட்டிய யூரியா நைட்ரேட்டாகி இறங்கிச் சேர்வது, நாம் குடிக்கிற கிணற்றில். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்கு ஆபத்து. குத்தகை நிலம்தானே என்று எண்ணுகிறவர்களும் இதைக் கேளுங்கள்: உங்களுக்கு அடுத்து அதில் பாடுபடப் போகிறவரும் உங்களைப் போல ஒரு ஏழை உழவர்தான். கடைக்காரர்களே, பயிர் வெளுக்கிறது என்று ஒருவர் வந்து நின்றால், அடியிலையா குருத்தா என்று கேட்காமல் மூட்டையைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

மழை பிடித்துவிட்டால் மண் மாதிரி எடுக்க முடியாது. இந்த வாரமே மண்வெட்டியை எடுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' போல அரையடி ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீராகச் சுரண்டி, கலந்து அரைக்கிலோவாகக் குறைத்துத் துணிப்பையில் கட்டி, உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்திலோ வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுங்கள். சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி வாய்விட்டுக் கேளுங்கள். பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்த பிறகு உரக்கடைக்குப் போகலாம்.