பூட்டிய கழிப்பறைக்கு எதிரே ஒரு பிள்ளையார்

நான் காலையில் நடக்கப் போகும் பூங்காவில் கழிப்பறையைப் பூட்டிப் பல மாதமாகிறது. எதிர் மூலையில், அரசமரத்தடியில், யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்து உட்கார்ந்த பிள்ளையார். அவர் விளக்கில் ஒருநாளும் எண்ணெய் தீர்ந்ததில்லை. போன ஆவணியில் சுற்றிலும் கிரானைட் பதித்தார்கள். ஒரே வாரத்தில் வசூல் முடிந்தது.

பொதுப் பூங்காக்களில் அனுமதியின்றி வழிபாட்டிடம் எழுப்பக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2009-இலேயே சொல்லிவிட்டது. என் சண்டை பிள்ளையாரோடு இல்லை. கிரானைட்டுக்குக் கொடுத்தவர்களும் கழிப்பறைக்காக மாநகராட்சியைத் திட்டுபவர்களும் ஒரே ஆட்கள். "வரி கட்டுறோமே சார்!"

எவ்வளவு கட்டினோம்? சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரியை 2022-இல்தான் உயர்த்தினார்கள். நடுவே 2018-இல் ஒருமுறை உயர்த்தி, மறு ஆண்டே நிறுத்திவைத்தார்கள். அந்த 24 ஆண்டுகளில் வாடகை எத்தனை மடங்கு ஏறியது என்பது வாடகை வாங்கியவர்களுக்குத் தெரியும். வரி ஏறியதும் பகல் கொள்ளை என்றோம். கற்பூரம் விலை ஏறியதற்கு யாரும் மறியல் செய்யவில்லை.

பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூங்கா, திறந்தவெளிக்கு எழுதித் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. நிலம் சும்மா கிடைத்துவிடும். தண்ணீர் ஊற்ற ஆள் சும்மா கிடைப்பதில்லை. தனியார் தத்தெடுக்கட்டுமே என்கிறார்கள். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவை சுந்தரம் ஃபைனான்ஸ் பராமரிக்கிறது, நன்றாகவே. உழைக்கும் மக்கள் வாழும் வியாசர்பாடிக்கு யார் வரிசையில் நிற்கிறார்கள்?

கல்லில் பெயர் வெட்டுவார்கள், மேலே ஒருவன் கணக்கு வைத்துத் திருப்பித் தருவான்: நன்கொடைக்கு இந்த இரண்டு வசதியும் உண்டு. வரி ரசீதில் புண்ணியம் ஏறாது. பக்தி என்று நாம் சொல்வதில் பாதி வட்டிக்கு விட்ட பணம். பகுத்தறிவாளன் மட்டும் யோக்கியனா? 2022-இல் எனக்கு நோட்டீஸ் வந்தபோது, மாடி அறையின் அளவைக் குறைத்துக் காட்ட வழியுண்டா என்றுதான் முதலில் விசாரித்தேன்.

நான் நடக்கும் பூங்காவில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் ஒப்பந்தத் தொழிலாளி ஓர் அம்மா. அவசரமென்றால் சாலையைக் கடந்து பெட்ரோல் பங்குக்குப் போகிறார். போகிற வழியில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, நடந்துகொண்டே.