காப்பவர் உடைமையாளர் அல்லர்

தந்தையை இழந்த சிறு பிள்ளையின் சொத்தை யார் பார்த்துக்கொள்வது என்றால், 'நம்பிக்கையான ஒருவர்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இஸ்லாமிய மரபு நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் ஆறாம் வசனம் காப்பாளருக்கு வரிசையாக விதி வைக்கிறது: பிள்ளையைச் சோதித்து, பருவமும் பக்குவமும் வந்ததும் சொத்தை ஒப்படைக்க வேண்டும், வளர்ந்துவிடுவானே என்று அவசரமாக விழுங்கக் கூடாது, வசதியுள்ளவர் எதையும் எடுக்காமல் விலக வேண்டும், ஏழை நியாயமான அளவே எடுக்கலாம், ஒப்படைக்கும்போது சாட்சி வேண்டும். ஆக, காப்பு என்பது அதிகாரம் அல்ல, முடிவுள்ள கடமை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் இதே திசையில்தான் போகிறது: நீதிமன்ற அனுமதியின்றி இளவரின் நிலத்தை இயற்கைக் காப்பாளரான பெற்றோரே விற்க முடியாது.

சொந்தச் சித்தப்பாவிடம் சாட்சியும் கணக்கும் கேட்பது அவநம்பிக்கை அல்லவா என்பார்கள். அல்ல, நேர்மையானவரைப் பிற்காலப் பழியிலிருந்து காப்பதும் அந்தச் சாட்சிதான். பக்குவமில்லாத இளைஞன் பணத்தை அழித்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் கனமானது. பக்குவம் வரும்வரை கொடுக்கவே கூடாது என்றனர் இஸ்லாமியச் சட்ட அறிஞர் இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும். அபூ ஹனீஃபாவோ, 25 வயதானால் கொடுத்தே தீர வேண்டும் என்றார். அவர் பக்கமே நியாயம் கூடுதல். பணத்தை இழப்பது நஷ்டம். ஆனால் வளர்ந்த மனிதனை முடிவின்றிப் பிள்ளையாகவே வைத்திருப்பது அவனுக்கு இழைக்கும் அநீதி. ஆகவே, பிள்ளையின் சொத்துக்காக அறக்கட்டளைப் பத்திரம் எழுதும் பெற்றோர், காப்பாளர் பெயரோடு அவர் விலகும் நாளையும் எழுத வேண்டும்.