யார் கடனாளி?

குற்றாலத்தில் சாரல் பொய்த்துவிட்ட ஓர் ஆண்டு. ஆனி கழிந்து ஆடி பிறந்தும் பேரருவியில் வெறும் பாறைதான் தெரிந்தது. நீராட வந்தவர்கள் பழக்கடைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே தென்காசிக்குத் திரும்பிக் கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் பார்ப்போமே என்று தங்கிவிட்ட நான், எண்ணெய்ப் புட்டியை முன்னால் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவருடைய தொழில். தண்ணீரே விழாதபோது எண்ணெய் தேய்த்துக்கொள்ள யார் வருவார்கள்?

காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் அதைச் சொல்லவில்லை; டீக்கடைப் பையன் சொன்னான். நூறு ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினேன்.

"வேலை பார்க்காம துட்டு வாங்கப்பிடாது, ஐயா" என்றார். குரலில் கோபமும் இல்லை; குழைவும் இல்லை.

"கடனாக வைத்துக்கொள்ளுங்கள், பெரியவரே."

சற்று யோசித்தார். "அப்படின்னா சரி. அடுத்த சாரலுக்கு வாங்க. தேய்ச்சுவிட்டுக் கணக்கைத் தீர்த்துடுதேன்."

ஊருக்குத் திரும்பியதும் இதை நண்பர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன். வறுமையிலும் செம்மை என்று ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். நண்பர் ஒருவர் மட்டும் சிரித்தார். "பசித்தவன் மானத்தோடு இருப்பதைப் புகழ்வது, உண்டவனுக்கு மிகவும் வசதியான காரியம். புகழ்ந்துவிட்டால் வேறொன்றும் செய்யவேண்டியதில்லை அல்லவா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தென்காசியே தாழ்வில் செம்மையை அறிந்த ஊர்தான். மதுரையை இழந்த பாண்டியர்கள் குறுகிய நிலப்பரப்போடு இங்கே வந்து ஆண்டார்கள். 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், வருங்காலத்தில் அதற்கு ஒரு குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் எவரோ அவரை இப்போதே பணிவதாகக் கல்லில் எழுதி வைத்தான். அடுத்த நூற்றாண்டில் அதே மரபில் வந்த அதிவீரராம பாண்டியன், துன்பத்திலும் இயல்பு மாறாத மேன்மையை, பாலையும் பொன்னையும் சந்தனத்தையும் உவமை காட்டி வெற்றி வேற்கையில் பாடினான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் மேலகரம் இருக்கிறது. அவ்வூர்த் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் வரும் சிங்கியை நினைத்துப் பாருங்கள். ஊர் ஊராய்க் குறி சொல்லிப் பிழைப்பவள் அவள். ஆனால் செல்வச் சீமாட்டி வசந்தவல்லியின் முன் தன் மலையின் வளத்தைச் சொல்லும்போது, அரசி போல நிற்கிறாள். அந்த வேளையில் ஏங்கி நிற்பவள் சீமாட்டிதான்.

அரசன் தலை குனிகிறான். குறத்தி தலை நிமிர்கிறாள். இரண்டிலும் ஒரே மானத்தைத்தான் நான் காண்கிறேன். பராக்கிரமன் தனக்காக எதையும் கேட்கவில்லை. ஒரு கடமையைப் பின்வருவோரிடம் ஒப்படைத்தான். ஆகையால் அந்தக் குனிவில் இழிவு இல்லை.

ஆனால் கேட்பவனின் சொல் மட்டும் போதுமா? அந்தக் கோயிலின் கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, மொட்டையாய் நெடுங்காலம் நின்றது. 1990-ஆம் ஆண்டில்தான் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. அரசன் வணங்கிய கால்கள் வந்து சேர அத்தனை காலம் ஆயிற்று. அவை வராமலே போயிருந்தால், அவனுடைய வணக்கம் வெறும் கல்லெழுத்தாகத்தானே நின்றிருக்கும்?

இதையெல்லாம் எழுதுகிற நான் என்ன செய்தேன்? அடுத்த சாரலுக்குப் போகவில்லை. ஏதோ வேலை. அதற்கடுத்த ஆண்டுதான் போனேன். அருவி முழங்கிக் கொண்டிருந்தது. கூட்டத்தில் நான் அவரைத் தேடவில்லை. உண்மையைச் சொன்னால், அவரை மறந்தே போயிருந்தேன். அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

"போன வருசம் பூரா பார்த்தேனே. என்னைக் கடன்காரனாவே வச்சுட்டீங்களே, ஐயா!"

எனக்குச் சுருக்கென்றது. கடன் என்ற சொல்லை அவர் உண்மையாக ஏற்றுக்கொண்டார். நானோ அதைத் தருமத்திற்குப் போட்ட மேல்துணியாகத்தான் நினைத்திருந்தேன். அவருடைய மானத்தை ஊரெல்லாம் புகழ்ந்த நான், அவருடைய வாக்கை மட்டும் நம்பவில்லை.

பலகையில் உட்கார்ந்தேன். அவர் கை ஓயும் வரை தேய்த்தார். முடிந்ததும் பழக்கத்தில் என் கை பணப்பையைத் தேடியது; நிறுத்திக் கொண்டேன். "கணக்குத் தீர்ந்தது, பெரியவரே" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"நாளைக்கும் தேய்க்கணும்னா வாங்க. நாளைக்குக் கூலி உண்டு" என்றார்.

மறுநாளும் போனேன். அவர் சொன்ன கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். நண்பரின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.