சிறு டாங்கியும் அதனுள் இல்லாத மனிதரும்

கொலைக்கருவி ஒன்றைப் பொழுதுபோக்கின் பொருட்டு அழகுறச் சமைப்பது தகுமா? சிறு பிள்ளைத்தனமான கேள்வியென்று சிலர் ஒதுக்கக்கூடும். ஆயினும் சற்றே நின்று எண்ணினால் இது நம் கைகளின் உழைப்பையும் கண்களின் பார்வையையும் சோதிக்கும் கேள்வியே என்பது விளங்கும்.

டாங்கி என்னும் கவச ஊர்தியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பிளாஸ்டிக் உறுப்புகளால் ஒட்டி உருவாக்கும் கலை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியின் மாதிரியை வெளியிட்டது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கவேண்டும் என்பதற்காக வாய்த்த அளவே பின்னர் உலக வழக்காயிற்று. எங்கள் சின்னசேலம் போன்ற சிற்றூர்களிலும் தபாலில் பெட்டி வரவழைத்து மாலைப் பொழுதுகளை இதில் செலவிடும் இளைஞர் ஓரிருவர் உண்டு. "பிள்ளை கொலைக்கருவியைக் கொஞ்சுகிறான்" என்று வீட்டுப் பெரியவர்கள் மனம் நோவதும் உண்டு.

அந்தக் கொஞ்சலைக் கொஞ்சம் பார்ப்போம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகி 'அஜேயா' என்று பெயர் பெற்ற டி-72 டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள அதன் உடல், மாதிரியில் 20 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. சட்டத்திலிருந்து நறுக்கிய உறுப்புகளின் பிசிறைத் தேய்த்து, இடுக்குகளுக்குப் பட்டி பார்த்து, சங்கிலிப் பட்டையின் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோப்பார்கள். வண்ணம் பூசியபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. நீர்த்த எண்ணெய் வண்ணத்தை ஓடவிட்டு ஆணித்தலைகளைச் சுற்றி நிழல் வரச் செய்வார்கள். பஞ்சுத் துண்டால் ஒற்றிப் பெயின்ட் உரிந்த தழும்புகளை உண்டாக்குவார்கள். துருவுக்கு ஒரு நிறம், காய்ந்த சேற்றுக்கு ஒரு நிறம், ஈரச் சேற்றுக்கு வேறொரு நிறம். இத்தனை பொறுமையை நம்மில் பலர் செபத்தில்கூடக் காட்டுவதில்லை!

1961இல் நிறுவப்பட்ட அந்த ஆவடித் தொழிற்சாலையில் மெய்யான டாங்கியைச் செய்து குடும்பம் காத்தவர்கள் நம் உறவினரிலும் பங்குகளிலும் உண்டு. அவர்களை நாம் கேள்வி கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். ஒருவரையும் சுடாத பொம்மையைச் செய்பவனிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? தொழிலாளி நாட்டின் காவலுக்கும் தன் பிழைப்புக்கும் செய்கிறார். இவனோ விரும்பிச் செய்கிறான். விருப்பம் எதன்மேல் தங்குகிறது என்பதுதான் கேள்வியின் மையம்.

எங்கள் பகுதி உருவங்களைச் சுருக்கியும் பெருக்கியும் செதுக்கிப் பழகிய பகுதி. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பிகள் வாகை போன்ற மரங்களில் தாள அளவு பிசகாமல் திருமேனிகளைச் செதுக்குகின்றனர். அத்திருமேனிகளின் கைகளில் வேலும் சூலமும் வாளும் உண்டு. நம் ஆலயங்களையும் பாருங்கள். புனித பவுலின் கையில் அவரது உயிரைப் பறித்த வாள். புனித லாரன்ஸ் அருகில் அவரை வாட்டிய இரும்புச் சட்டம். புனித செபஸ்தியாரின் மேனியில் தைத்த அம்புகள். எல்லாவற்றுக்கும் மேலாக, உரோமையரின் கொலைக்கருவியாகிய சிலுவையையே தேக்கிலும் தந்தத்திலும் பொன்னிலும் இழைத்திருக்கிறோம். ஆகவே கருவியை அழகுறச் செய்தல் பாவம் என்று நாம் சொல்லத் துணிந்தால், முதலில் நம் பீடங்களைத்தான் வெறுமையாக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்த உருவங்களில் வாளின் அருகே உடல் இருக்கிறது. அம்பு தைத்த இடம் தெரிகிறது. சிறு டாங்கியிலோ இரும்பின் காயங்கள் எல்லாம் வரையப்பட்டிருக்கின்றன. மனிதனின் காயத்துக்கு இடமே இல்லை. பெரும்பாலான பெட்டிகளில் உள்ளறைக்கான உறுப்புகளே இருப்பதில்லை. ஆகவே மேல்மூடியை ஒட்டி மூடிவிடுவது வழக்கம்.

மெய்யான டி-72இன் உள்ளே மூவர் அமர்கின்றனர். முன்னால் ஓட்டுநர், சுழல்மேடையில் பீரங்கியின் இருபுறமும் தளபதியும் குறிபார்ப்பவரும். குண்டு நிரப்பும் நான்காமவர் இல்லை. அவ்வேலையை இயந்திரம் செய்கிறது. அதற்கென 22 குண்டுகள் வட்டமாக அடுக்கப்பட்டிருப்பது அவ்விருவரின் காலடியில். அடுக்கில் தீப்பற்றினால் சுழல்மேடையே பெயர்ந்து வானில் எறியப்படும். 2022 முதல் உக்ரைன் போரிலிருந்து வந்த படங்களில் இதை உலகம் கண்டது. எரிந்த டாங்கியின் செம்பழுப்பு நிறத்தை அப்படங்களைப் பார்த்தே தீட்டப் பழகுகின்றனர் மாதிரி செய்வோர். இவ்விடத்தில் எனக்கு மனம் கூசுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த நிறம் எப்படி வந்தது என்று அறிந்தபின் அதை வெறும் நிறமாகக் காண்பது எளிதன்று.

1971 டிசம்பர் 16ஆம் நாள் பசந்தர் போர்க்களத்தில் 21 வயதே ஆன அருண் கேத்தர்பால் எரியும் டாங்கியைவிட்டு இறங்காது போரிட்டு மாண்டார். பரம் வீர் சக்கரம் பெற்ற அவரை நாடு அறியும். அவருடைய 'ஃபமகுஸ்தா' டாங்கி அகமதுநகரில் (இன்றைய அகில்யாநகர்) பாதுகாக்கப்படுகிறது. உடனிருந்த வீரர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆனையிறவிலும் அப்படியே. 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் இரும்புத் தகடு போர்த்திச் செலுத்திய புல்டோசர், அதைத் தடுத்து மாண்ட இலங்கைப் படைவீரர் காமினி குலரத்தினவின் நினைவாக வீதியோரம் நிற்கிறது. பயணிகள் அதன்முன் படம் எடுத்துக்கொள்கின்றனர். அதை ஓட்டி வந்தவரும் ஒரு தாயின் பிள்ளையே என்பது இரும்பைப் பார்க்கும் கண்ணுக்கு எளிதில் தோன்றுவதில்லை.

ஆதலால் அந்த இளைஞனிடம் பெட்டியைப் பறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கை பழகுகிறது; தனிமை தாங்கத்தக்கதாகிறது; மேலும், நுணுக்கம் தேடுபவனை இன்னும் நுணுக்கமாகத் தேடு என்று கேட்பது தடுப்பதைக் காட்டிலும் பயனுள்ளது. ஆணியின் எண்ணிக்கை பிழையாகிவிடக்கூடாதென்று நூல்களைப் புரட்டுகிறானே, உள்ளிருந்தவன் எவ்வளவு குனிந்து அமர்ந்தான், தீப்பற்றினால் எவ்வழியே வெளியேற முடிந்தது என்பதையும் தேடட்டும். ஐந்தேமுக்கால் அடி மனிதன் அவ்வளவில் 5 சென்டிமீட்டர்தான். உள்ளறை முழுவதும் அமைந்த பெட்டிகளும் இப்போது விற்கின்றன. விலை கூடுதல், வேலையும் இரட்டிப்பு. இருக்கை, குண்டடுக்கு, ஓட்டுநரின் நெம்புகோல் யாவற்றுக்கும் வண்ணம் தீட்டியபின் மேற்பகுதியைப் பொருத்தினால் அவை எவர் கண்ணுக்கும் புலப்படா. மேல்மூடியைத் திறந்தபடி ஒட்டினாலன்றி.