பயன்படுத்தாதது மிஞ்சுமா?

செலவழிக்காதது மிச்சம் என்பது உலக வழக்கு. பெட்டியில் பூட்டிய பணத்தையும் குதிரில் கொட்டிய நெல்லையும் குறித்து மனிதன் அப்படித்தான் எண்ணுகிறான். இதே கணக்கை அவன் ஒழுக்கத்திற்கும் பொருத்திவிடுகிறான். ‘நான் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்ததில்லை’ என்று சொல்பவர், தம்மிடமுள்ள அன்பும் நற்பண்பும் குறையாமல் அப்படியே இருப்பதாக நம்புகிறார். இந்த நம்பிக்கை சரிதானா? ஒன்றும் செய்யாதிருப்பது உண்மையிலேயே குற்றமற்ற நிலையா?

இக்கேள்வியை ஆராய ஓர் எளிய பொருள் துணை செய்கிறது. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில், 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமர ராஜா நிறுவனத்தின் தொழிற்சாலையில் உருவாகி நாடெங்கும் செல்லும் ஈய அமில பேட்டரியே அது. 1859-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே கண்டறிந்த இக்கருவி, கார், லாரி ஆகியவற்றில் மட்டுமன்றி, ரயில் நிலையங்களிலும் கோயில்களிலும் முதியோரை ஏற்றிச் செல்லும் பேட்டரி கார்களிலும் பயன்பட்டு வருகிறது. கோல்ஃப் மைதானத்து வண்டியின் இனத்தைச் சேர்ந்த இவற்றில், பெரும்பாலும் 6 அல்லது 8 வோல்ட் பேட்டரிகள் ஆறு வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும்.

2020 மார்ச் 20 முதல் திருமலையில் பக்தர்களின் தரிசனம் நிறுத்தப்பட்டது. 25-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. திருமலையில் மீண்டும் தரிசனம் தொடங்கியது ஜூன் மாதத்தில்தான். அந்நாட்களில் நாடெங்கும் எண்ணற்ற வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. பின்னர் எடுக்க முயன்றபோது பல வண்டிகளில் பேட்டரி இறங்கிப் போயிருந்தது. யாரும் ஓட்டவில்லை, விளக்கை எரியவிடவில்லை, எதையும் திருடவுமில்லை. பின் அந்த மின்சாரம் எங்கே போயிற்று?

உள்ளே நிகழும் இழப்பு

பேட்டரியினுள் ஈயத் தகடும் ஈய டை ஆக்ஸைடு பூசிய தகடும் கந்தக அமிலக் கரைசலில் மூழ்கியுள்ளன. மின்சாரம் வெளியே பாயும்போது இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து பழைய நிலை திரும்புகிறது. கம்பியைக் கழற்றி வைத்தாலும் இந்த மாற்றம் முற்றிலும் நிற்பதில்லை. அமிலம் தகடுகளை மெல்ல மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. இவ்வகை வண்டிகளின் பேட்டரியில் தகடுகளின் சட்டத்தை உறுதியாக்க ஆண்டிமணி என்னும் உலோகத்தைச் சேர்ப்பதுண்டு. அது சிறிது சிறிதாகக் கரைந்து எதிர்மின் தகட்டில் படிந்து இழப்பை விரைவுபடுத்துகிறது. புதிய பேட்டரி மாதத்திற்குச் சுமார் 5 சதவீதம் இழக்கலாம். பழையது 10 சதவீதத்திற்கு மேலும் இழக்கலாம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இழப்பின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் கோடைக்கு இது நன்கு பொருந்தும்.

இங்கே நுட்பமான ஓர் உண்மை உள்ளது. எந்தத் தகடும் அமிலமும் மின்சாரத்தைத் தருகின்றனவோ, அவையே இழப்புக்கும் காரணம். கொடுக்கும் ஆற்றல் வேறு, குறையும் தன்மை வேறு அல்ல. கருங்கல் எத்தனை ஆண்டு கிடந்தாலும் எதையும் இழப்பதில்லை. கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. அமிலம் ஊற்றாமலே விற்பனைக்கு வரும் பேட்டரிகளும் உண்டு. அவை நெடுநாள் கெடாமல் இருக்கும். ஆனால் அந்த நிலையில் அவற்றால் ஒரு விளக்கைக்கூட ஏற்ற முடியாது. உயிருள்ள ஆற்றலைப் பூட்டி வைத்துக் காக்க இயலாது என்பதே இதன் பொருள்.

சண்டையே இல்லாத பிரிவு

உறவும் அத்தகைய ஆற்றலே. சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரம் போன்ற ஊரிலிருந்து வேலைக்காகப் பெங்களூருக்கோ சென்னைக்கோ சென்ற ஒரு மகனை எண்ணிப் பார்க்கலாம். தாயிடம் அவனுக்கு வெறுப்பில்லை. ஒரு கடுஞ்சொல்லும் அவன் சொன்னதில்லை. ‘அடுத்த மாதம் வருகிறேன் அம்மா’ என்கிறான். அடுத்த மாதம் வேறு வேலை வந்துவிடுகிறது. ‘நான் என்ன தவறு செய்தேன்?’ என்று கேட்டால், சுட்டிக்காட்ட ஒரு செயலும் இராது. ஆயினும் ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே போகிறது.

இழப்பின் தொடக்கத்தில் அஞ்ச வேண்டியதில்லை. புதிதாகப் படிந்த ஈய சல்பேட் மென்மையான நுண்படிகம். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அப்படிகங்கள் பெருத்து இறுகுகின்றன. அதன் பிறகு எவ்வளவு மின்சாரம் செலுத்தினாலும் அவற்றுள் ஒரு பகுதி கரைவதில்லை. வெளிப்பெட்டியைப் பார்த்து இதை அறியவும் முடியாது. சுமை ஏற்றும் நாளில்தான் தெரியவரும். தாய் நோயுற்ற நாளில் ஓடிவரும் மகனும், பேச ஒரு சொல் கிடைக்காமல் கட்டிலருகே நிற்கும்போதுதான் தன் இழப்பை அறிகிறான். தீங்கு செய்யாமையும் அன்பு செய்தலும் ஒன்றல்ல என்பது அப்போது விளங்குகிறது.

இழந்தவரைக் குறை கூறுவதும் தவறு. எந்த பேட்டரியும் தன்னைத் தானே சார்ஜ் செய்துகொள்வதில்லை. தனித்துவிடப்பட்ட முதியவர் பேச்சு குறைந்து சுருங்கிப்போனால், அந்தப் பொறுப்பு அவரை அப்படியே விட்டுச் சென்றவரையும் சாரும்.

சும்மா இருத்தல்

அப்படியானால், அருணகிரிநாதரும் தாயுமானவரும் போற்றிய ‘சும்மா இருத்தல்’ என்னாவது என்று ஒருவர் கேட்கலாம். ஞானியின் அமைதி எதையும் பிறகு செலவிடுவதற்காகப் பதுக்கி வைப்பதன்று. அங்கே ஓய்ந்தது ‘நான் செய்கிறேன்’ என்னும் எண்ணம், அன்பு ஓயவில்லை. மோனத்தில் நிலைத்த ரமண மகரிஷி, திருவண்ணாமலை ஆசிரமத்தின் சமையற்கூடத்தில் அதிகாலையில் அமர்ந்து காய் நறுக்கியவர். சோம்பலுக்கு அந்த அமைதியின் பெயரைச் சூட்டுவது பொருந்தாது.

ஓய்வு தவறன்று, கவனிப்பாரற்ற ஓய்வே தவறு. வண்டியை நெடுநாள் நிறுத்துவோர் முதலில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, இணைப்பைக் கழற்றி, மேல்மூடியில் படிந்த அமில ஈரத்தைத் துடைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்கிறார்கள். மாதம் ஒருமுறை பார்த்து மீண்டும் சார்ஜ் ஏற்றுகிறார்கள். அளவு மீறி ஏற்றுவதுமில்லை. மிகையான மின்சாரம் நீரைப் பிரித்து வாயுவாக்கித் தகட்டையும் அரிக்கும். இதற்குப் பெருந்தியாகம் தேவையில்லை. காலம் தவறாத சிறு கவனம் போதும்.

ஊரிலிருக்கும் தாய்க்கும் அதுவே போதும். படிகம் இறுகுவதற்கு முன், இந்த மாதத்திலேயே ஒருநாள் போய் அவள் அருகில் அமர்ந்து பேசிவிட்டு வரலாம்.